ஒரு டம்ளர் ரசம்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: குடிப்பழக்கம் உள்ளவர்களைக் குடும்பத்தோடு உட்கார வைத்துப் பேசுகிற மேடம், என் வீட்டுக்காரர், நான், பதினொன்றாவது படிக்கும் எங்கள் மகள், என் கூடப்பிறந்த அண்ணன். நாற்காலி ஆறு கிடந்தது. ஆறாவதில் அண்ணன் தன் ஹெல்மெட்டை வைத்திருந்தார். நான் அந்த ஹெல்மெட்டையும் சேர்த்து மூன்று தடவை எண்ணினேன். பயம் வந்தால் எனக்கு எதையாவது எண்ண வேண்டும். ஜன்னல் கம்பி, ஃபேன் இறக்கை, ஆள் தலை, எதுவானாலும் சரி.

பைபாஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு மருந்துக் கடை. அதற்கு மேல் மாடியில்தான் அந்த இடம். புதன்கிழமைதோறும் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஆறு புதன்கிழமை போய் வந்திருந்தோம். அண்ணன் முதல் புதன்கிழமை வந்தவர், பொறுப்பாளர் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர், அதன் பிறகு அன்றைக்குத்தான் வந்தார். வந்த காரணம் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் குடித்துவிட்டார் என்று எல்லோரும் நம்பினோம். அவர் இல்லை என்றார்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் குட்டியானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். விடியும் முன்னே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் மூட்டை ஏற்றி, ஊர் ஊராகப் பூக்கடைகளுக்கு இறக்கிவிட்டு, பத்து மணிக்கு வீட்டுக்கு வருவார். குடி உச்சத்தில் இருந்த நாளில் பத்து மணி என்பது சாயங்காலமாகி, மறுநாளாகி, வண்டி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகக் கிடந்ததெல்லாம் உண்டு. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்து உடம்பு தெளிந்த பிறகு அவருக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து ஆளைக் கீழே சாய்த்துவிடும். அந்தப் பயத்திலேயே குடிக்காமல் இருப்பார்கள். அவர் சம்மதித்துத்தான் போட்டுக்கொண்டார்.

மேடம் வைத்த முறை வெறும் மாத்திரையோடு நிற்கவில்லை. தினமும் பத்து மணிக்கு அவரும் நானும் எதிரெதிரே உட்கார வேண்டும். அவர் என் கண் முன்னால் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, "நேத்து நான் குடிக்கல. இன்னைக்கும் குடிக்க மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அதோடு பேச்சு முடிந்தது. பழசைக் கிளறக் கூடாது. நாளைக்கு என்ன ஆகும் என்று கேட்கக் கூடாது. சட்டையை மோந்து பார்க்கக் கூடாது. பிறகு மகள் காலண்டரில் அந்த நாள் கட்டத்தில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஒரு டிக் போடுவாள். இதெல்லாம் தாளில் ஒவ்வொரு வரியாக எழுதி நாங்கள் கையெழுத்துப் போட்டது. ஐந்தாவது வரி என் அண்ணன் சொல்லிச் சேர்த்தது. மறுபடி குடித்தால் மூன்று மாதத்துக்கு நானும் மகளும் அண்ணன் வீட்டில் இருப்போம், அவர் தனியாக இருக்க வேண்டும் என்று.

புருசனுக்குப் பெண்டாட்டி நன்றி சொல்வது எங்கள் தெருவில் யாரும் கேள்விப்படாதது. முதல் நாள் எனக்கு வாய் வரவில்லை. கல்யாண வீட்டு மைக்கில் பேசுவது போல இருந்தது. "நன்றிங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னமோ ஓட்டுக் கேட்டு வந்தவ மாதிரி சொல்ற" என்றார். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தோம்.

நன்றி சொல்லக்கூடப் பழகிவிட்டேன். நாளையைப் பற்றிக் கேட்காமல் இருப்பதுதான் முடியவில்லை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டில் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறேன். மெஷின் ஓடும்போது கை தன்பாட்டுக்குத் தைக்கும், தலை தன்பாட்டுக்குக் கவலைப்படும். வண்டி மோதிவிட்டால். மார்க்கெட்டில் பழைய கூட்டாளி கூப்பிட்டுவிட்டால். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவிட்டால். கரைத்துக் குடிக்கிற மாத்திரையை எப்படி ஒதுக்க முடியும் என்று எனக்கே தெரியும். தெரிந்தும் யோசிப்பேன். சட்டையை மோந்து பார்த்தும் அந்தக் காலத்தில் ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை. பூ ஏற்றுகிற மனுசனின் சட்டையில் மல்லிகை வாசம்தான் வரும். அவர் வேலைக்கும் ஒயின்ஷாப்புக்கும் ஒரே சட்டையில் போனவர். மல்லிகை வாசம் வந்தாலே நான் எதையாவது எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

அப்படி ஒரு நாள் ஃபால்ஸ் அடிக்கச் சேலை கொண்டுவந்த ஒரு அக்காவிடம் வாயை விட்டுவிட்டேன். திருவாதவூர்ப் பக்கம் ஒரு அம்மா மருந்து கொடுக்கிறது, குடியையே மறக்கடித்துவிடும், ஆளுக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்க வேண்டும் என்று அந்த அக்கா சொன்னது. மாத்திரை ஆரம்பித்து இருபத்திரண்டாவது நாள் நான் பஸ் ஏறிப் போனேன். மேடத்திடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும்.

அந்த அம்மா மூன்று பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கருப்பாக, கொழகொழவென்று கொடுத்தது. மூலிகையும் வெல்லமும் போட்டுப் பானையில் அடைத்து நாற்பது நாள் மண்ணுக்குள் புதைத்து வைத்து எடுத்தது என்றது. நாற்பது நாள் மண்ணுக்குள் இருந்தது என்றதும் எனக்கு நம்பிக்கை கூடிவிட்டது. அடுப்பில் வைக்காதே, ஆறின பிறகு கலக்கு, அவருக்குத் தெரிந்தால் பலிக்காது என்று சொல்லி அனுப்பியது.

மறுநாளிலிருந்து தினமும் சாப்பாடு முடிந்து அவர் குடிக்கிற ரசத்தில் ஒரு ஸ்பூன் ஊற்றினேன். பதினாறு நாள் ஊற்றினேன். காலையில் அவர் என் முகத்தைப் பார்த்துத் தன் வாக்கைச் சொல்வார். நான் நன்றி சொல்வேன். அரை மணி நேரம் கழித்து அடுப்படியில் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டிலைத் திறப்பேன். அதை அப்போது தப்பு என்றே நான் நினைக்கவில்லை. ஒரு பூட்டுக்கு இரண்டு பூட்டு என்றுதான் நினைத்தேன்.

முப்பத்தொன்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. பூ வியாபாரி ஒருவர் திருமங்கலம் ரோட்டில் ஒரு தோப்பில் கிடா வெட்டு வைத்திருந்தார். கிடா வெட்டு என்றால் கறிச்சோறு மட்டும் இல்லை, ஆம்பளைகள் மரத்தடியில் உட்கார்ந்து குடிப்பதும்தான். போகாதீங்க என்று சொல்லத் தாளில் இடமில்லை. அவரே சொன்னார்: "ஏவாரி கூப்பிட்டுப் போகலைன்னா அடுத்து லோடு வராது. போயிட்டு ரெண்டு வாய் தின்னுட்டு ஓடி வாரேன்." என் அண்ணனும் அந்த விருந்துக்கு வருவதாகச் சொன்னார். எனக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்தே கண்ணில் தூக்கம் இல்லை. கடைசியில் அவர் கிளம்பும்போது, அங்கே பந்தி போட மூணு மணி ஆகும், வெறும் வயிற்றோடு போகாதீங்க என்று சொல்லி ஒரு டம்ளர் ரசம் கொடுத்தேன். அதில் பாதி ரசம். பாதி மருந்து. ஒரு ஸ்பூன் அன்றைக்குப் போதாது என்று என் மனசு சொல்லியது.

அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, புளி கொஞ்சம் தூக்கலா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

முக்கால் மணி நேரத்தில் அண்ணனிடமிருந்து போன் வந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம், உடனே வா என்று. போய்ப் பார்த்தால் முகம், கழுத்து, கண் எல்லாம் செக்கச்செவேலென்று கிடந்தார். வாந்தி எடுத்து எடுத்து ஓய்ந்திருந்தார். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் மாத்திரைச் சீட்டைப் பார்த்தார், கிடா வெட்டு என்று கேள்விப்பட்டார், மாத்திரை மேல் குடித்திருக்கிறார், பிரஷர் ரொம்ப இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் கூடிப்போயிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். அவர் கண்ணைத் திறந்ததும் மகள் மேல் சத்தியம் செய்தார், ஒரு சொட்டு தொடவில்லை என்று. மகள் தலையில் கை வைத்து அவர் செய்த பொய்ச் சத்தியம் பத்து இருபது இருக்கும். அதனால் மகள் தலையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். நானும் நம்பவில்லை. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு ரசத்தின் ஞாபகமே வரவில்லை. என் மருந்தும் பலிக்கவில்லையே என்றுதான் அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தை மகள் காலியாக விட்டாள். வண்டிச் சாவியை அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டார். புதன்கிழமை ஐந்தாவது வரியைப் பேசி முடிப்பதற்காகத்தான் அந்த அறையில் உட்கார்ந்தோம். மகளின் துணிமணியைப் பையில் எடுத்து வைத்துவிட்டுத்தான் நான் வந்திருந்தேன்.

மேடம் முதலில் அண்ணனைப் பேசச் சொன்னார். அண்ணன் சிமெண்ட் கடை வைத்திருப்பவர், சத்தமாகப் பேசித்தான் பழக்கம். வண்டியை விட்டு இறங்கி வந்த மனுசன் பத்து நிமிசம்கூட உட்காரவில்லை, அதற்குள் வேர்த்துக் கொட்டியது, வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார், வழியிலேயே எங்கேயோ ஊற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறார் என்றார்.

"நான் பக்கத்துல போயி மோந்து பாத்தேன் மேடம். வாயில புளிச்ச வாடை."

"புளிச்சது ரசம், மச்சான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ரசம் குடிச்சு எவனுக்காச்சும் கண்ணு செவக்குமா மாப்ள? அப்ப நானும் நாளையிலருந்து ஒயின்ஷாப்புக்குப் போகல. உங்க வீட்டுக்கே வாரேன், ஒரு டம்ளர் ஊத்து."

மகள்கூடக் கீழே குனிந்து சிரித்துவிட்டாள். நானும் லேசாகச் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். மேடம் சிரிக்கவில்லை. எதையோ தாளில் குறித்தார். பிறகு இவர் பக்கம் திரும்பி, குடித்தீர்களா என்று கேட்காமல் வேறு மாதிரி கேட்டார்.

"இருமல் டானிக் எதுவும் குடிச்சீங்களா? நாட்டு மருந்துக் கடையில விக்கிற அரிஷ்டம்? பானையில போட்டு ஊற வச்சுப் புளிக்க வைக்கிற மருந்து எதுவும்? அதுலயும் ஆல்கஹால் ஊறியிருக்கும். மொத நாளே இதைச் சொல்லி, எழுதியும் குடுத்திருக்கேன்."

இவர் இல்லை என்று தலையாட்டினார்.

முதல் நாள் சொன்னது உண்மைதான். அன்றைக்கு மேடம் அந்தப் பட்டியலை வாசித்தபோது நான் கேட்பது போலத்தான் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் கேஸை மூடினோமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கொடுத்த தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் பத்திரமாக வைத்தேன். பத்திரமாக வைத்ததோடு சரி.

பானை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு அந்தப் பாட்டில் ஞாபகம் வந்தது. கொழகொழ, வெல்லம், நாற்பது நாள் மண்ணுக்குள். ஒரு ஸ்பூன் என்பது அரை டம்ளரானது. அவர் கிளம்பிய நேரம், வாந்தி எடுத்த நேரம். எல்லாம் கொக்கி போட்டது போல ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொண்டது. ஜன்னல் கம்பியை எண்ணினேன். பதினொன்று. திரும்ப எண்ணினேன். இப்போதே சொன்னால் அண்ணன் முன்னால், மகள் முன்னால், மேடம் முன்னால் நான் யார் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் மூன்று மாதம். மூன்று மாதம் தனியாக இருந்தால் அவர் குடிக்க ஆரம்பித்துவிடுவார், அப்புறம் இந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். இப்படி ஒரு யோசனையும் எனக்கு வந்தது. வரவில்லை என்று எழுதினால் அது பொய்.

அண்ணன் மறுபடி ஆரம்பித்தார். பழைய கதை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இவர் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பூ மூட்டையின் சணல் கயிறு அறுத்த தழும்பு அதில் குறுக்காக இருக்கும். அதைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"சரி. குடிச்சேன். எழுதிக்கங்க."

மேடம் பேனாவை எடுக்கவில்லை.

"எம்புட்டுக் குடிச்சேன்னு கேக்குறீங்களா? ஒரு குவார்ட்டர்னு போட்டுக்கங்க. கையெழுத்து எங்க போடணும்?"

மகள்தான் முதலில் பேசினாள். அவள் அந்த அறையில் அதுவரை ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ஆறு புதன்கிழமையும் லீவு போட்டு வந்து, மேடம் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டியவள்.

"அப்பா குடிக்கல மேடம்."

"நீ சும்மா இரு பாப்பா" என்றார் அண்ணன்.

"இல்ல மாமா. அப்பா குடிச்சிருந்தா இப்படி ஒத்துக்கவே மாட்டாரு. கத்துவாரு. சட்டிய ஒடைப்பாரு. குடிச்ச அன்னைக்கெல்லாம் குடிக்கலைன்னுதான் சொல்லியிருக்காரு. குடிச்சேன்னு சொன்னதே இல்ல."

இவர் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் தாங்க முடியாமல்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். தைரியம் வந்து சொன்னதாகச் சொல்ல மாட்டேன்.

"நான்தான் கலந்தேன்" என்றேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. திருவாதவூர், பாட்டில், ரசம், பதினாறு நாள், அரை டம்ளர் என்று முன்னுக்குப் பின்னாகச் சொல்லி முடித்தேன். முடிக்கும்போது அண்ணன் ஹெல்மெட்டை நாற்காலியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

இவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்கு நல்லது. அவர் மெதுவாகக் கேட்டார்.

"எந்த நாள்லருந்து?"

சொன்னேன்.

"அப்ப நானா குடிக்காம இருந்தது இருபத்திரண்டு நாளுதானா?"

அவர் என்னைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டார். "ஒவ்வொரு நாளும் எண்ணிக்கிட்டு வந்தேன். மார்க்கெட்டுல பயலுக கையப் புடிச்சு இழுத்தாய்ங்க. வரலடா, நாளைக்கு முப்பத்தஞ்சுன்னு சொல்லிட்டு வந்தேன். நானா வரலைன்னு நெனச்சேன்."

மேடம் உடனே குறுக்கே வந்தார். அந்தக் கருப்புத் தண்ணீருக்குக் குடியை நிறுத்துகிற சக்தி எதுவும் கிடையாது, முப்பத்தெட்டு நாளும் அவருடைய நாள்தான், முப்பத்தொன்பதாவது நாளும் அவருடையதுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இவர் தலையை ஆட்டினார். ஏற்றுக்கொண்டு ஆட்டிய மாதிரி எனக்குத் தெரியவில்லை.

மேடம் என்னைத் திட்டவில்லை. இவர் நெஞ்சு நின்றிருக்கலாம் என்பதை மட்டும் ஒரு தடவை, என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். பிறகு, "ஆளுக்குத் தெரியாம குடுத்தா அது மருந்து இல்லம்மா. அவர் ஒளிச்சு ஒளிச்சுக் குடிச்சதுக்குத்தான் நீங்க இங்க வந்தீங்க" என்றார். இதற்கு மேடம் திட்டியே இருக்கலாம்.

இவர் கடைசியாக ஒன்று கேட்டார். அதற்கு எவ்வளவு கொடுத்தாய் என்று. ஆயிரத்து எண்ணூறு என்றேன். ஃபால்ஸ் அடித்த காசா என்றார். ஆமாம் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஐந்தாவது வரியை மேடம் பேனாவால் அடிக்காமல், அதற்குக் கீழே ஆறாவதாக ஒரு வரி எழுதினார். அது எனக்கு. வீட்டில் எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தில் சமைப்பது, எல்லோர் கண் முன்னாலும் பரிமாறுவது, அதிலிருந்து நான் முதலில் சாப்பிடுவது. காலையில் அவர் தன் வாக்கைச் சொன்ன பிறகு நானும் சொல்ல வேண்டும்: "நேத்து நான் எதுவும் கலக்கல. இன்னைக்கும் கலக்க மாட்டேன்." அதற்கு அவர் நன்றி சொல்ல வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பொறுப்பாளர் என்ற இடத்தில் அண்ணனிடம் தாளை நீட்டியபோது அவர் தங்கச்சிக்குப் பொறுப்பாகவா, மாப்பிள்ளைக்குப் பொறுப்பாகவா என்று கேட்டார். மேடம் இரண்டு பேருக்கும் என்றார். போட்டார்.

படியிறங்கும்போது அண்ணன், "மாப்ள, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். என்றைக்கும் நீ, வா, போ என்று பேசுகிறவர் அன்றைக்குத்தான் மரியாதை கொடுத்தார்.

"வண்டிச் சாவி உங்ககிட்டதான் இருக்கு மச்சான்" என்றார் இவர்.

அண்ணன் சட்டைப் பையில் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார். நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் வந்தோம். இவர் முன்னால் நின்றுகொண்டார், உட்கார இடம் இருந்தும்.

வீட்டுக்கு வந்ததும் மகள் காலண்டர் முன்னால் போய் நின்றாள். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் டிக் போட்டாள். பையிலிருந்த தன் துணியை எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். மீதியிருந்த மருந்தைச் சாக்கடையில் கொட்டினேன். பாட்டில்களைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். கழுவக் கழுவ அந்தப் புளித்த வாடை வந்துகொண்டே இருந்தது. இந்த வாடையையா நான் ரசம் என்று கொடுத்தேன், இதையா அவர் புளி தூக்கல் என்று சொல்லிக் குடித்தார் என்று கழுவுகிற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. மாத்திரையை டாக்டர் பத்து நாள் நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். அந்தப் பத்து நாளும் அவர் மாத்திரை இல்லாமலே உட்கார்ந்து தன் வாக்கைச் சொன்னார். குடிக்கவில்லை. மோந்து பார்க்காமலே எனக்குத் தெரியும். இப்போது மோந்து பார்ப்பது அவர்தான். டம்ளரை வாய்க்குக் கொண்டு போகும் முன் மூக்குக்கு நேரே ஒரு நொடி நிறுத்துவார். வேண்டுமென்று செய்வதில்லை. கை தன்பாட்டுக்கு நிற்கும். என்னைப் பார்த்துவிட்டால் சட்டென்று குடித்துவிடுவார். ரசம் மட்டும் குடிப்பதில்லை. ஒரு நாள் வற்புறுத்தாமல் முன்னால் வைத்துப் பார்த்தேன். மோர் இருந்தா குடு என்றார். மகளும் ரசத்தை விட்டுவிட்டாள். எனக்கு மட்டும் வைக்க மனசு வராமல் நான் வைப்பதையே நிறுத்திவிட்டேன்.

தினமும் பத்து மணிக்கு உட்காருகிறோம். அவர் தன்னுடையதைச் சொல்கிறார். நான் நன்றி சொல்கிறேன். நான் என்னுடையதைச் சொல்கிறேன். அவர் நன்றி சொல்வதில்லை, தலையை மட்டும் ஆட்டுகிறார். மேடத்திடம் இதைச் சொன்னேன். ஆட்டுகிறாரே, அது வரைக்கும் வந்திருக்கிறாரே என்றார். ஒரு நாள் அவர் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பும்போது, "இனி ஒண்ணும் மறைக்கலைல்ல?" என்று கேட்டார். தாளில் இல்லாத கேள்வி. மேடம் இருந்திருந்தால் தடுத்திருப்பார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அதுதான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அன்றைக்கு அந்த அறையில் எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டார், கொடுத்ததைச் சொன்னேன். மூன்று பாட்டிலும் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு பேசினதையும், மீதியைக் கடனாக வைத்துவிட்டு வந்ததையும் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் குடித்துவிட்டு வந்த நாளில் இதே மாதிரிதான் பேசுவார், நீ கேட்கலையே என்று.

போன வாரம் திருவாதவூர் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சேலைக்காரங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போனேன்.

"மனுசன் இப்ப எப்படிம்மா இருக்காரு, குடிக்கிறாரா?"

இல்லை என்றேன்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல. அப்புறம் காசு குடுக்க ஏன் இம்புட்டு நாள்?"

அந்த மருந்தால் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் முழுக்கதையும் சொல்ல வேண்டும், அவர் உள்ளே இருக்கிறார். அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னேன். உள்ளே வந்தபோது அவர் மோர் டம்ளரை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "யாரு?" என்றார். சேலைக்காரங்க என்று மறுபடியும் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் பத்து மணிக்கு அவர் தன் வாக்கைச் சொன்னார். நான் என் வாக்கைச் சொன்னேன். எதுவும் கலக்கவில்லை என்பது உண்மை. அவர் தலையை ஆட்டவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று அந்தத் தொகை நாக்கு வரைக்கும் வந்தது, அதற்குள் மகள் பச்சைப் பேனாவோடு வந்துவிட்டாள். நாளைக்குப் புதன்கிழமை. மேடம் முன்னால் சொல்லலாமா, இன்றைக்கே சொல்லலாமா என்று மெஷினில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இன்னும் தர வேண்டியது இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய்.